கவரேஜ் 100 சதவீதம் என்றால் என்ன? உங்கள் ஃபோன் திரையின் சோதனைக் கணக்கு

தேனி மாவட்டத்தில் 'கவரேஜ்' என்றால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான். "குரங்கணி தாண்டுனா கவரேஜ் போயிரும்", "மேகமலையில கவரேஜ் தேடித் தேடித்தான் பேசணும்". அதாவது செல்போன் கோபுரத்தின் அலை எட்டும் பரப்பு.

இந்தப் பாடத்தில் நாம் பார்க்கப் போவது வேறொரு கவரேஜ். ஒரு சேவை ஆப்பை மக்களுக்கு வெளியிடும் முன்பு சோதிப்பார்கள் அல்லவா? அந்தச் சோதனை ஆப்பின் எந்தெந்த இடம் வரை எட்டியது என்ற அளவுக்கும் கவரேஜ் என்றுதான் பெயர். மென்பொருள் துறையில் 'டெஸ்ட் கவரேஜ்' என்பார்கள். நாம் 'சோதனை எட்டிய அளவு' என்று புரிந்துகொள்ளலாம்.

"அது ஆப் செய்றவங்க பாடு, எனக்கு எதுக்கு?" என்று கேட்கிறீர்களா? ஒரு உதாரணம் பார்ப்போம்.

மலைக்கு மேலே அப்பா, கையில் ஓடிபி

உத்தமபாளையம் பக்கம் ஒரு மாணவி. பிளஸ் டூ முடித்துவிட்டாள். கல்லூரிச் சேர்க்கைக்கு வருமானச் சான்று வேண்டும். அப்பாவுக்கு ஏலத்தோட்டத்தில் வேலை. விடியற்காலையில் ஜீப் ஏறி கம்பம்மெட்டு வழியாகப் போனால், திரும்பி வர மாலை ஆகிவிடும். விண்ணப்பத்தில் பதிவாகியிருப்பது அப்பாவின் ஃபோன் எண். ஓடிபி அங்கேதான் போகும்.

மாணவி எல்லா விவரத்தையும் நிரப்பி, 'ஓடிபி அனுப்பு' என்பதை அழுத்துகிறாள். அப்பாவுக்கு லைன் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிடுகிறார்.

"இப்பத்தாம்மா சிக்னல் கெடச்சுச்சு. நம்பர் வந்திருக்கு, எழுதிக்க."

அவள் ஆறு இலக்கத்தையும் போடுகிறாள். 'நேரம் முடிந்தது' என்று வருகிறது.

இதற்குப் பிறகு இரண்டில் ஒன்று நடக்கலாம். நிரப்பிய விவரம் எல்லாம் அப்படியே இருக்க, 'மீண்டும் அனுப்பு' பட்டன் ஒளிரலாம். அல்லது திரை முதல் பக்கத்துக்கே போய், நிரப்பியதெல்லாம் அழிந்துவிடலாம். முதலாவது நடந்தால் இரண்டு நிமிடத் தாமதம், அவ்வளவுதான். இரண்டாவது நடந்தால் அப்பா மலையிலிருந்து இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அன்றைக்குக் கடைசி நாள் என்றால்?

இது பாடத்துக்காக நாம் கற்பனை செய்த உதாரணம். எந்த ஒரு குறிப்பிட்ட ஆப்பையும் பற்றியது அல்ல. ஆனால் கேள்வி நிஜமானது. 'நேரம் முடிந்தது' என்ற அந்த நிலையை வெளியிடும் முன் யாராவது சோதித்தார்களா? அதைக் கண்டுபிடிக்க உதவும் கருவிதான் கவரேஜ்.

திரையைப் பாகம் பாகமாகப் பாருங்கள்

ஒரு விண்ணப்பப் பக்கம் நம் கண்ணுக்கு ஒரே தாள் மாதிரி தெரியும். செய்பவர்களுக்கு அது பல பாகங்களின் சேர்க்கை. பெயர் எழுதும் பெட்டி ஒரு பாகம். மாவட்டம், வட்டம் தேர்ந்தெடுக்கும் பட்டியல் ஒரு பாகம். போட்டோ ஏற்றும் இடம், ஓடிபி பெட்டி, 'சமர்ப்பிக்கவும்' பட்டன் எல்லாமே தனித்தனிப் பாகங்கள். ஆங்கிலத்தில் 'காம்பொனென்ட்' என்பார்கள். ஒரு தடவை செய்த ஓடிபி பெட்டியையே பல சேவைகளில் பயன்படுத்துவார்கள். அதனால் அந்த ஒரு பாகத்தில் பிழை இருந்தால் பத்து சேவைகளிலும் அதே பிழை வரும். நன்றாகச் சோதித்துவிட்டால் பத்து சேவைகளுக்கும் நன்மை.

இந்தப் பாகங்களைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நம் போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் வாரியத்தின் ஏலக்காய் மின் ஏலத்தில் விலை கேட்பது திரையில்தான். அங்கே ஒரு அழுத்தல் என்பது பணம். சான்றிதழ் விண்ணப்பத்தில் ஒரு அழுத்தல் என்பது ஒரு பிள்ளையின் கல்லூரி இடம்.

எட்டு வரி, மூன்று சோதனை

ஓடிபி பெட்டிக்குப் பின்னால் இருக்கும் நிரலைத் தமிழில் எழுதினால் ஏறத்தாழ இப்படி இருக்கும்.

வரி 1: 'ஓடிபி அனுப்பு' அழுத்தியதும் எண்ணை அனுப்பி, கடிகாரத்தை ஓடவிடு.
வரி 2: ஆறு இலக்கம் போட்டதும் கேள்: நேரம் முடிந்துவிட்டதா?
வரி 3: முடிந்திருந்தால், 'நேரம் முடிந்தது' என்று காட்டு.
வரி 4: 'மீண்டும் அனுப்பு' பட்டனை இயக்கி, இத்துடன் நிறுத்து.
வரி 5: நேரம் முடியவில்லை என்றால் கேள்: எண் சரியா?
வரி 6: சரி என்றால் அடுத்த பக்கத்தைத் திற.
வரி 7: தவறு என்றால் 'எண் தவறு' என்று காட்டு.
வரி 8: பெட்டியைக் காலி செய்து, மறுபடி போட விடு.

மொத்தம் 8 வரி. 2ஆம் வரியிலும் 5ஆம் வரியிலும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஆக மொத்தம் 4 கிளைகள்.

முதல் சோதனை: சரியான எண், சரியான நேரத்தில். ஓடும் வரிகள் 1, 2, 5, 6. எட்டில் நான்கு, அதாவது 50 சதவீதம்.

இரண்டாவது சோதனை: நேரத்துக்குள் தவறான எண். இப்போது 7, 8 ஆகிய வரிகளும் சேர்கின்றன. எட்டில் ஆறு, அதாவது 75 சதவீதம். கிளைகளில் நான்குக்கு மூன்று முடிந்தது.

பெரும்பாலும் இங்கேயே கை தட்டி முடித்துவிடத் தோன்றும். 75 என்பது நல்ல மதிப்பெண் மாதிரி தெரிகிறது இல்லையா? ஆனால் மீதி 25 சதவீதம் என்ன என்று பாருங்கள். 3ஆம் வரியும் 4ஆம் வரியும். அதாவது, மலைக்கு மேலே இருக்கும் அப்பா. அவருக்காக எழுதிய வரிகள் மட்டும் ஒரு தடவைகூட ஓடாமலே ஆப் வெளியே போய்விடும்.

மூன்றாவது சோதனை: நேரம் முடிந்த பிறகு எண் போடுவது. இப்போது 3, 4 வரிகளும் ஓடுகின்றன. வரி 100 சதவீதம், கிளை 100 சதவீதம்.

இதுதான் கவரேஜின் முதல் பயன். எத்தனை மார்க் என்பதைவிட, எந்த வரி விடுபட்டது என்று காட்டுவதுதான் அதன் வேலை. சதவீதத்தை மட்டும் பார்ப்பவர் பாதிதான் பார்க்கிறார். விடுபட்ட வரியைப் படித்து, "இது யாருடைய நிலைமை?" என்று கேட்பவரே முழுதாகப் பார்க்கிறார்.

எப்படி எண்ணுகிறார்கள்?

சோதனை எவ்வளவு தூரம் எட்டியது என்று அளக்கும் எண்ணம் புதிதல்ல. 1963-லேயே ஜோன் மில்லர், கிளிஃபோர்ட் மலோனி என்ற இருவர் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். இணையத் திரைகளுக்கு இன்று பரவலாகப் பயன்படும் கருவிகளில் ஒன்றின் பெயர் 'இஸ்தான்புல்'. 2012-ல் யாகூ நிறுவனத்திலிருந்து வந்தது. துருக்கியின் இஸ்தான்புல் நகரம் கம்பளத்துக்குப் பேர் போனது. கம்பளம் தரையை மூடுவது போல் சோதனையும் நிரலை மூட வேண்டும் என்ற விளையாட்டான எண்ணத்தில் வைத்த பெயர் அது.

வேலை செய்யும் விதம் எளிது. பஸ் கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிக்கெட்டைக் கணக்கு வைப்பது போல, நிரலின் ஒவ்வொரு வரியிலும் ஒரு எண்ணியைக் கருவி செருகிவிடும். அந்த வரி ஓடினால் எண்ணி ஒன்று கூடும். சோதனை முடிந்ததும் எண்ணி பூஜ்யமாகவே இருக்கும் வரிகளைச் சிவப்பில் காட்டும்.

வரியும் கிளையும் ஒன்றல்ல

நம் ஊரில் அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக வரும். சிலர் போடுவார்கள், சிலர் போட மாட்டார்கள். பெயர்ப் பெட்டியின் நிரலில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள்: 'இனிஷியல் இருந்தால், அதையும் ஒரு புள்ளியையும் பெயருக்கு முன் சேர்.'

'மு. முத்துலட்சுமி' என்று போட்டு ஒரே ஒரு சோதனை செய்கிறார்கள். எல்லா வரியும் ஓடிவிட்டது. வரிக் கணக்கு 100 சதவீதம். ஆனால் 'இனிஷியல் இல்லை' என்ற பாதையில் யாரும் நடந்தே பார்க்கவில்லை. கிளைக் கணக்கு 50 சதவீதம்தான். இனிஷியல் இல்லாதவருக்குச் சான்றிதழில் பெயருக்கு முன் ஒரு புள்ளி மட்டும் தனியாக நின்றால், அதைத் திருத்த அவர் மறுபடி அலைய வேண்டும்.

அதனால் யாராவது "எங்கள் கவரேஜ் இவ்வளவு" என்று சொன்னால், "வரியா, கிளையா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. உயிர் சம்பந்தப்பட்ட துறைகளில் இதைவிடக் கடுமையாகக் கேட்பார்கள். விமான மென்பொருளுக்கான 'டிஓ-178சி' என்ற 2011-ஆம் ஆண்டு தர ஆவணம், ஆபத்து மிகுந்த பகுதிகளுக்கு வரி, கிளை மட்டும் போதாது என்கிறது. ஒவ்வொரு நிபந்தனையும் தனியாக முடிவை மாற்றுகிறது என்பதையும் சோதித்துக் காட்ட வேண்டும்.

தண்ணீர் போனது வேறு, பயிர் நனைந்தது வேறு

சரி, வரி 100, கிளை 100. இனி நிம்மதியா? இல்லை. இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும்.

முல்லைப் பெரியாறு தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கில் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. அணையில் தண்ணீர் திறந்தாச்சு என்று செய்தி வரும். வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதையும் பார்க்கலாம். அதை வைத்துக் கடைமடை வயல் நனைந்துவிட்டது என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். வரப்பில் இறங்கிப் பார்த்த பிறகுதான் சொல்வார்.

கவரேஜ் காட்டுவது வாய்க்காலில் தண்ணீர் ஓடியதை மட்டும்தான். வயல் நனைந்ததா என்று பார்ப்பது வேறு வேலை. மூன்றாவது சோதனை 3, 4 வரிகளை ஓட்டியது. ஆனால் ஓடிய பிறகு என்ன சரிபார்த்தார்கள்? "ஆப் நின்றுவிடவில்லை, அது போதும்" என்று விட்டிருந்தால், 'மீண்டும் அனுப்பு' பட்டன் உண்மையிலேயே இயங்கியதா, நிரப்பிய விவரம் அழியாமல் இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. எண் மட்டும் 100 என்று நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல உத்தி உண்டு. நிரலில் வேண்டுமென்றே ஒரு தப்பைச் செய்வார்கள். உதாரணத்துக்கு, 4ஆம் வரியை எடுத்துவிடுவார்கள். பிறகு எல்லாச் சோதனையையும் ஓட்டுவார்கள். ஏதாவது ஒரு சோதனை "இங்கே தப்பு இருக்கு" என்று சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்லாமல் எல்லாம் 'பாஸ்' என்று வந்தால், காவலுக்கு வைத்த ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். 1978-ல் டிமில்லோ, லிப்டன், சேவார்ட் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் விளக்கிய இந்த முறைக்கு 'மியூட்டேஷன் டெஸ்டிங்' என்று பெயர்.

எழுதாத வரிக்குக் கணக்கே கிடையாது

அடுத்தது இன்னும் முக்கியம். எழுதியிருக்கும் வரிகளில் எத்தனை ஓடின என்பதைத்தான் கவரேஜ் எண்ணும். எழுதியிருக்க வேண்டிய, ஆனால் எழுதாமல் விட்ட வரியை அது எண்ணாது.

இதற்கு நாடறிந்த ஒரு வழக்கு இருக்கிறது. வங்கிக் கணக்கு, சிம் கார்டு போன்றவற்றுக்கு ஃபோன் கேமரா முன் கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் திரைகளைப் பார்த்திருப்பீர்கள். எதிரே இருப்பது போட்டோ அல்ல, உயிருள்ள ஆள்தான் என்று உறுதி செய்ய அந்த ஏற்பாடு. அமில வீச்சில் கண்ணும் முகமும் பாதிக்கப்பட்டவர்களால் சிமிட்ட முடியாது. பார்வையற்றவர்களுக்கோ, முகத்தைச் சட்டத்துக்குள் சரியாக நிறுத்துவதே சிரமம். அவர்களில் சிலர் உச்ச நீதிமன்றம் சென்றார்கள்.

2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. இணையதளங்களையும் ஆப்களையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் தணிக்கை செய்ய வேண்டும், புதிய ஆப்பையோ வசதியையோ வெளியிடும் முன் பார்வையற்றவர்களையும் சோதனையில் சேர்க்க வேண்டும் என்பவை அவற்றில் அடங்கும்.

நம் பாடத்தோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். அப்படிப்பட்ட ஒரு திரையின் கவரேஜ் என்னவாக இருந்தாலும் சரி, 'சிமிட்ட முடியாதவருக்கு மாற்று வழி' என்ற வரியே அங்கே இல்லையென்றால், எந்தக் கருவியும் அதைச் சிவப்பில் காட்டாது. இல்லாத வாய்க்காலில் தண்ணீர் போகவில்லை என்று யார் கணக்கெடுப்பது? அந்த வயலின் சொந்தக்காரர் சொன்னால்தான் தெரியும்.

தமிழில் எழுதிப் பார்த்தார்களா?

விடுபடும் இன்னொரு இடம் நம் மொழி. கம்ப்யூட்டர் தமிழ் எழுத்தை எண்ணும் விதமும் நாம் எண்ணும் விதமும் வேறு. 'தேனி' நமக்கு இரண்டு எழுத்து. யூனிகோடு முறையில் அது நான்கு குறியீடு: த, ஏகாரக் குறி, ன, இகரக் குறி. 'காமயகவுண்டன்பட்டி' நமக்கு 11 எழுத்து, கம்ப்யூட்டருக்கு 17. ஊர்ப் பெயருக்கு 15 போதும் என்று யாராவது வரம்பு வைத்திருந்தால், திரையில் 'காமயகவுண்டன்பட்' என்று பாதியில் நிற்கும்.

இன்னொன்று. 'பெயரில் எழுத்துகள் மட்டுமே வரலாம்' என்று ஒரு வரி எழுதுவார்கள். எண்ணும் சின்னமும் வரக்கூடாது என்பதற்காக. யூனிகோடு வகைப்பாட்டில் நம் கால், கொம்பு, புள்ளி எல்லாம் 'எழுத்து' அல்ல, 'குறி'. ஆகவே ஆங்கிலத்தில் தேனி என்று போட்டால் ஏற்கும் பெட்டி, தமிழில் போட்டால் 'தவறான பெயர்' என்று சொல்லிவிடலாம். ஆங்கிலப் பெயரை வைத்துச் சோதித்தாலும் ஓடுவது அதே வரிதான். கவரேஜில் துளி வித்தியாசமும் தெரியாது.

பட்டனும் அப்படித்தான். ஆங்கிலத்தில் 'சப்மிட்' என்பதற்கு 6 எழுத்து. 'சமர்ப்பிக்கவும்' என்பதற்கு 9 எழுத்து, அகலமும் அதிகம். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பட்டனில் தமிழ்ச் சொல் வெளியே பிதுங்கும் அல்லது வெட்டுப்படும். நிறம், அகலம், எழுத்தளவு போன்ற அலங்காரப் பகுதியை வரிக் கவரேஜ் பொதுவாகக் கணக்கில் எடுப்பதே இல்லை.

நிலைப் பட்டியல்: இன்னொரு அளவுகோல்

அப்படியானால் திரைப் பாகங்களை எப்படித்தான் அளப்பது? வரிகளோடு சேர்த்து நிலைகளையும் எண்ண வேண்டும். நம் ஓடிபி பெட்டியையே எடுத்துக்கொள்வோம்.

அதன் நிலைகள்: காலி, பாதி நிரப்பியது, காத்திருப்பு, எண் தவறு, நேரம் முடிந்தது, சரி. மொத்தம் 6.
மொழி: தமிழ், ஆங்கிலம். 6-ஐ 2-ஆல் பெருக்கினால் 12.
எழுத்தளவு: சாதாரணம், பெரிது. இப்போது 24.
நெட்: வேகம், மந்தம். இப்போது 48.

முன்பு செய்த மூன்று சோதனைகளும் ஆங்கிலத்தில், சாதாரண எழுத்தில், வேகமான நெட்டில் நடந்தவை என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 48-ல் 3, அதாவது 6.25 சதவீதம். அதே பெட்டிக்கு, அதே மூன்று சோதனைக்கு, வரிக் கணக்கில் 100. நிலைக் கணக்கில் 6.25. இரண்டு எண்ணும் பொய்யில்லை. எதை அளந்தோம் என்பதுதான் வித்தியாசம்.

48-ஐயும் சோதிக்க நேரமோ ஆளோ போதாமல் இருக்கலாம். எதை முதலில் எடுப்பது? தவறினால் யாருக்கு ஒரு நாள் கூலியோ, ஒரு கடைசித் தேதியோ போகுமோ, அதை முதலில். 'தமிழ், பெரிய எழுத்து, மந்தமான நெட், நேரம் முடிந்தது' என்ற ஒரு கட்டம், 'ஆங்கிலம், வேகமான நெட், சரி' என்ற கட்டத்தைவிட அவசரமானது.

இதற்கு விதிகளும் உண்டு. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறை முதலில் 2009-ல் வந்தது, அதன் 3.0 பதிப்பு 2023-ல் வந்தது. 'டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1' என்ற உலக அணுகல் தரத்தின் 'ஏஏ' நிலையை அது அடிப்படையாகக் கொண்டுள்ளது. அந்தத் தரம் சொல்பவற்றில் சில: எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் எந்தத் தகவலும் மறையக் கூடாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். பிழை எங்கே என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும். நேர வரம்பு இருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, அதை நீட்டிக்கவோ மாற்றவோ வழி தர வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

சோதனை செய்பவர் சென்னையிலோ வேறெங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கலாம். ஏலத்தோட்டத்து சிக்னல் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். "ஆப் வேலை செய்யல" என்று மட்டும் சொன்னால் அதை வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. கீழே உள்ளபடி சொன்னால், உங்கள் புகாரை அப்படியே ஒரு புதிய சோதனையாக எழுதிவிடலாம். பிறகு வரும் ஒவ்வொரு பதிப்பையும் அந்தச் சோதனையில் தேறினால்தான் வெளியிடுவது என்பதே நல்ல நடைமுறை.

1. எந்தச் சேவை, எந்தப் பக்கம், எந்தப் பாகம்? (உதாரணம்: வருமானச் சான்று விண்ணப்பம், ஓடிபி பெட்டி.)
2. என்ன செய்தீர்கள்? வரிசையாக, ஒவ்வொரு அழுத்தலையும் சொல்லுங்கள்.
3. என்ன வரும் என்று நினைத்தீர்கள்? என்ன வந்தது? திரையில் வந்த வாசகத்தை அப்படியே எழுதுங்கள்.
4. ஃபோன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, ஆப் பதிப்பு. ஃபோன் விவரம் 'அமைப்புகள்' பகுதியில் 'ஃபோனைப் பற்றி' என்ற இடத்தில் இருக்கும்.
5. ஆப்பில் தேர்ந்தெடுத்த மொழி, எழுத்தளவு, அப்போது நெட் எப்படி இருந்தது.
6. தேதியும் நேரமும்.
7. ஸ்கிரீன்ஷாட். ஆதார் எண், ஃபோன் எண், வங்கி விவரம் தெரிந்தால் மறைத்துவிட்டு அனுப்புங்கள். ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். புகார் வாங்குபவருக்கும் அது தேவையில்லை.

ஆப்பிலேயே 'கருத்து' அல்லது 'உதவி' பக்கம் இருந்தால் அங்கே முதலில் பதியுங்கள். முதல்வரின் முகவரித் துறையின் 1100 என்ற எண்ணிலும் சொல்லலாம். பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள். அவசரம் என்றால் காத்திருக்காமல் அருகிலுள்ள இ-சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பித்துவிடுங்கள். புகாரைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். மையத்தில் இருக்கும் அண்ணனிடமோ அக்காவிடமோ, "வீட்டுல போட்டப்ப இந்த எடத்துல நின்னுருச்சு" என்று காட்டுங்கள். பலருக்கும் அதே இடத்தில் நிற்கிறதா என்பது அவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும்.

செய்து பாருங்கள்

பயிற்சி 1: உங்கள் ஃபோனில் எழுத்தளவைப் பெரிதாக்கி, அடிக்கடி பயன்படுத்தும் சேவை ஆப்பைத் திறங்கள். எந்தப் பட்டனாவது மறைகிறதா, வார்த்தை வெட்டுப்படுகிறதா? வீட்டில் இருக்கும் தாத்தா, பாட்டி ஃபோனில் எழுத்து ஏற்கெனவே பெரிதாகத்தான் இருக்கும், அதிலேயே பார்க்கலாம்.

பயிற்சி 2: ஒரு பட்டியல் பாகத்தில் 10 வரி, 4 கிளை. ஒரு சோதனையில் 9 வரியும் 2 கிளையும் ஓடின. வரிக் கணக்கு எவ்வளவு, கிளைக் கணக்கு எவ்வளவு? (விடை: 90 சதவீதம், 50 சதவீதம். நம்பிக்கையாகச் சொல்ல வேண்டிய எண் இரண்டாவதுதான்.)

பயிற்சி 3: கணினி படிக்கும் மாணவர்களுக்கு. கம்ப்யூட்டரில் குரோம் உலாவியின் டெவலப்பர் கருவிகளில் 'கவரேஜ்' என்றே ஒரு பகுதி உண்டு. நீங்கள் செய்த ஒரு பக்கத்தைத் திறந்து, அதில் பதிவைத் தொடங்கி, பட்டன்களை அழுத்திப் பாருங்கள். ஓடாத பகுதி சிவப்பில் நிற்கும். ஒவ்வொரு சிவப்பு வரிக்கும் பக்கத்தில், "இந்த வரி யாருக்காக?" என்று ஒரு பதில் எழுதுங்கள்.

நினைவில் வையுங்கள்

வரிக் கவரேஜ், எழுதிய வரி ஓடியதா என்று சொல்லும். கிளைக் கவரேஜ், பிரியும் பாதை ஒவ்வொன்றிலும் நடந்தார்களா என்று சொல்லும். ஓடிய பிறகு சரியான பதில் வந்ததா என்பதைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். எழுதாமலே விட்ட வரியை எந்த எண்ணும் காட்டாது. அதைக் காட்டக்கூடியவர், அந்த இடத்தில் நின்றுபோன குடிமகனும் குடிமகளும்தான்.

அடுத்த முறை உங்கள் திரை நின்றால், "நமக்குத்தான் தெரியல போல" என்று ஃபோனை மூடி வைத்துவிடாதீர்கள். நின்ற இடத்தைக் குறித்து அனுப்புங்கள். அடுத்து ஓடிபிக்காக மலையைப் பார்த்துக் காத்திருக்கும் பிள்ளைக்கு அது உதவும்.